நிற்கத் தெரிந்த புரவி

திருவரங்கத்துக்கு வந்துபோகிறவர்களில் சேஷராயர் மண்டபத்துக் கல் குதிரைகளின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. முன்னங்கால் இரண்டையும் உயர்த்தி, பின்னங்கால்களில் எழும்பி, கழுத்தை வில்லாக வளைத்து நிற்கும் புரவிகள். மேலே வீரர்கள். கீழே ஆயுதம் தாங்கிய காலாட்களும் குத்துண்டு சாயும் விலங்குகளும். 16ஆம் நூற்றாண்டை ஒட்டிய விஜயநகர, நாயக்கர் காலச் சிற்பிகள் கருங்கல்லை மெழுகுபோல இழைத்திருக்கிறார்கள். அந்த அழகைப் பற்றி எனக்கு வழக்கில்லை. நல்ல குதிரை என்றால் எழும்பி நிற்கும் குதிரை என்றொரு சித்திரம் நம் மனத்தில் அதனோடு சேர்ந்து பதிந்துவிட்டதே, அதன் மேல்தான் என் வழக்கு. அந்தச் சித்திரத்துக்கான விலையை இன்றும் உயிருள்ள குதிரைக்குட்டிகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

மேலைநாட்டுக் குதிரைக் கண்காட்சிகளில் 'இன் ஹேண்ட்' என்றொரு பிரிவு உண்டு. நாம் அதைக் கைப்பிடிக் காட்சி என்று சொல்லிக்கொள்ளலாம். சேணம் இல்லை, மேலே ஆள் இல்லை. தரையில் ஒரு மனிதன், அவன் கையில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு குதிரை. நடுவர் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நேர்கோட்டில் நடத்திக் காட்ட வேண்டும். பிறகு துள்ளுநடையில் ஓட்டிக் காட்ட வேண்டும். மீண்டும் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். நடுவர் உடலமைப்பைப் பார்ப்பார், கால்கள் நேராக விழுகின்றனவா என்று பார்ப்பார், குணத்தைப் பார்ப்பார். முதுகில் ஆள் ஏற வயது வராத இளங்குதிரைகளுக்கு இது ஒன்றுதான் அரங்கேற்றம். ராஜஸ்தானில் மார்வாரி இனக் குதிரைகளுக்கு நடக்கும் கண்காட்சிகளிலும் இவ்வகைத் தேர்வு உண்டு. தமிழ்நாட்டில் இதற்கு மிக அருகில் வருவது, ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரை, மாட்டுச் சந்தை. அங்கே நடுவரின் இடத்தில் வாங்க வந்தவர் இருக்கிறார். மற்றபடி கையில் கயிறு, எதிரே கூட்டம், நடுவில் பழகாத ஓர் இளம் விலங்கு என்ற அமைப்பு ஒன்றேதான்.

இந்தக் கலையின் உச்சம் குதிரை நிற்பது என்பதுதான் நான் சொல்ல வந்தது. தளர்ந்த கயிற்றில், காதுகள் முன்னோக்கி இருக்க, நான்கு கால்களும் தெரிய, அந்நியர் ஒருவர் சுற்றி வந்து பார்க்கும் வரை அமைதியாக நிற்பது. ஓடுவதற்குக் குதிரைக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. பயந்தால் எழும்புவதற்கும் கற்பிக்க வேண்டியதில்லை. ஓடித் தப்பிப் பிழைத்த ஓர் இனத்துக்கு நிற்பதுதான் கல்வி.

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் நம் நோய் புதிதல்ல என்று தெரியும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2000க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியே வாங்குகிறான், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். குதிரை வைத்தியம் தெரிந்தவர் இங்கே இல்லை, அத்தகையவர் வந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று வணிகர்கள் அவர்களை வரவிடுவதும் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அவருக்குச் சற்றுப் பின்னால் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் நுட்பமாகப் பார்த்திருக்கிறார். குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையையும் நெய்யில் சமைத்த தானியத்தையும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைக்கிறார்கள். கொழுக்க வேண்டும் என்று 40 நாள் முளையடித்துக் கட்டிப்போடுகிறார்கள். பிறகு பழக்கம் எதுவும் இல்லாமல் பேய் பிடித்தவர்கள்போல ஏறி ஓட்டுகிறார்கள். திடமாக வந்த குதிரைகள் சில காலத்திலேயே ஒன்றுக்கும் உதவாமல் போகின்றன என்பது அவர் தரும் சித்திரம். அயலவர் பார்வையில் மிகை இருக்கலாம். ஆனால் கொழுக்க வைப்பது, பிறகு திடீரென்று கூட்டத்தின் முன் நிறுத்துவது என்ற வரிசையை இன்றும் சந்தைக்குக் குட்டியைத் தயார்ப்படுத்தும் பல இடங்களில் பார்க்கலாம்.

1530களில் எழுதிய போர்த்துகீசியரான நூனிஸ், சாளுவ நரசிம்மரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். ஓர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வரும் குதிரைகளை உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் அவர் விலை கொடுத்து வாங்கிக்கொள்வாராம். கடலில் இறந்த குதிரைக்கு வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், பணம் கிடைக்கும். வால் மட்டும் கரையேறும் அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள் அந்தப் பேரரசு வளர்த்த மரபில் வந்தவை. குதிரைக்குக் கொட்டிக் கொடுக்கப் பொன் இருந்தது. ஒரு குட்டியைப் பிறந்த நாள் முதல் கையால் வளர்க்கும் பொறுமை அந்த அளவுக்கு இருந்ததா என்பது வேறு கேள்வி.

நம்மிடம் அறிவு இல்லாமல் இல்லை, சொற்களும் இல்லாமல் இல்லை. குதிரையை வட்டமாகச் செலுத்துவதற்குச் சாரி என்று பெயர். வலசாரி, இடசாரி என்று திசை பிரித்தும் சொன்னார்கள். குதிரை பழக்கும் திடலுக்குச் செண்டுவெளி என்று பெயர். வையாளி வீதி என்றும் ஒரு சொல் உண்டு. நகுலன் பெயரில் வழங்கும் அச்வசாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் வண்ணப் படங்களுடன் பதிப்பித்தது. ஆனால் அந்தச் சாஸ்திர மரபிலிருந்து மக்கள் வழக்கில் இன்று தங்கியிருப்பது பெரும்பாலும் சுழி பார்ப்பதுதான். நெற்றிச் சுழி நல்லதா, கழுத்துச் சுழி வீட்டுக்கு ஆகுமா என்று அரை நாள் பேசுகிறவர், அந்தக் குட்டி குளம்பைத் தூக்கிக் கொடுக்கப் பழகியிருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்ப்பதில்லை.

வையாளி என்ற சொல்லை இன்றும் உயிரோடு வைத்திருக்கும் ஊர் திருவரங்கம். வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவில் இராப்பத்து எட்டாம் நாள் வேடுபரி. நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் மணல்வெளிக்கு எழுந்தருள்வார். கள்வனாக வந்து மந்திரம் பெற்ற திருமங்கை மன்னனின் கதை அங்கே நிகழ்த்தப்படும். பெருமாள் குதிரைமேல் முன்னும் பின்னும் ஓடி வையாளி கண்டருள்வார். கல் குதிரைகள் இருக்கும் மண்டபத்துக்கு அருகிலேயே இது நடக்கிறது. இரண்டையும் பார்த்தவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வாகனக் குதிரைக்கு நடக்கத் தெரியாது. அதன் கால்கள் அசைவதில்லை. ஆனாலும் கூட்டத்தின் கண்ணுக்கு அது நடக்கிறது, சிலிர்க்கிறது, பாய்கிறது, திரும்புகிறது. அந்த நடை முழுவதும் கீழே தோள் கொடுக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் கால்களில் இருக்கிறது. ஒருவர் அடி பிசகினால் குதிரை நொண்டும். எல்லோருடைய மூச்சும் அடியும் ஒன்றாகும்போது மரத்துக்கும் பொன்னுக்கும் உயிர் வந்துவிடுகிறது.

கைப்பிடிக் காட்சியின் முழு இலக்கணமும் இதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குதிரையின் நடை, நடத்துகிறவனின் காலில் இருக்கிறது. ஆகவே முதலில் தயாராக வேண்டியவன் அவன்தான்.

இதை வேதாந்தமாகச் சொல்லவில்லை, வேலையாகவே சொல்கிறேன். நடத்துகிறவன் குதிரையின் இடப்பக்கம், தலைக்கும் தோளுக்கும் நடுவில் நடக்க வேண்டும். முன்னால் போய் இழுத்தால் குட்டி பின்வாங்கும். பின்னால் தங்கினால் அது இவனை இழுத்துக்கொண்டு போகும். வலக்கை தாடைக்குக் கீழே சற்றுத் தள்ளிக் கயிற்றைப் பிடிக்கும். மிச்சக் கயிறு மடிப்பாக இடக்கையில் இருக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரை வெருண்டால் விரல் போகும், சில சமயம் ஆளே போவான். பார்வை போகும் திசையில் இருக்க வேண்டும். குதிரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவனோடு எந்தக் குட்டியும் நேராக நடக்காது. திருப்பும்போது தன் பக்கம் இழுக்காமல் அப்பால் தள்ளித் திருப்ப வேண்டும். அப்போதுதான் குட்டி பின்னங்கால்களில் நிதானம் கொள்ளும், இவன் பாதமும் மிதிபடாது. நிற்க வேண்டுமானால் முதலில் இவன் உடல் நிற்க வேண்டும், கயிறு அதற்குப் பிறகு. துள்ளுநடையில் ஓட்டிக் காட்ட இவனுக்கே நேர்கோட்டில் ஓடத் தெரிய வேண்டும். தொப்பையும் ரப்பர் செருப்புமாகப் பத்தடி ஓடி மூச்சு வாங்குகிறவனின் குதிரை, அது எந்த ஜாதிக் குதிரையானாலும், நடுவர் கண்ணுக்கு நொண்டிக் குதிரைதான்.

நல்ல பயிற்சியாளர்கள் இதையெல்லாம் முதலில் குதிரை இல்லாமலே பழக்குகிறார்கள். கயிற்றின் ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் குதிரையாக இருந்து பிடிப்பார். தன் கை எவ்வளவு முரடு என்று அப்போதுதான் நடத்துகிறவனுக்குத் தெரியும். கேட்கிறபோது மெல்லிய அழுத்தம். குட்டி ஓர் அடி இணங்கியதும் உடனே தளர்வு. குதிரை கற்றுக்கொள்வது அந்தத் தளர்விலிருந்துதான். இழுத்துப் பிடித்தபடியே இருக்கிறவன் அதற்கு எதையும் சொல்லித் தருவதில்லை, இழுபட மட்டும் பழக்குகிறான்.

இனிக் குட்டியின் பக்கத்தைப் பார்க்கலாம். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்த்துவிடுகிறது. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் குருட்டிடம். கூட்டத்தில் ஆட்கள் வந்து நிற்பது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில். எலும்பும் அவசரத்துக்கு வராது. முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள வளர்தட்டு மூடுவதற்கே ஏறத்தாழ 2 முதல் 2½ வயது ஆகும். முதுகெலும்பில் இருப்பவை 5 வயதுக்குப் பிறகும் முழுதாக மூடியிருப்பதில்லை. ஒரு வயதுக் குட்டியைச் சிறு வட்டத்தில் நெடுநேரம் ஓட்டுவதும், பின்னங்காலில் எழும்பப் பழக்குவதும், பளபளப்புக்காகத் தானியத்தைத் திணித்து உடல் ஏற்றுவதும் மூட்டுகளின் மேல் ஏற்றும் கடன். வஸ்ஸாஃப் பார்த்த நெய்யும் பாலும் இன்று வேறு பெயரில் தீவனத் தொட்டிக்கு வந்திருக்கின்றன. வளரும் குதிரைக்கு வேண்டியது முதலில் புல்லும் வைக்கோலும் தாராளமான தண்ணீரும், வியர்க்கும் ஊரில் உப்பும், உலாவ இடமும். கொள்ளு அளவோடு போதும்.

பழக்கத்துக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். முகக்கயிறு போடுதல், பத்தடி நடத்தல், நிற்றல், குளம்பு தூக்கிக் கொடுத்தல், வாயைத் திறந்து பல் காட்டுதல். வயதைப் பல்லில் பார்ப்பது எல்லா ஊரிலும் வழக்கம் என்பதால் இது கட்டாயம். குட்டி சரியாகச் செய்த கணத்தில் அன்றைய பாடத்தை முடித்துவிட வேண்டும். திருச்சி வெயிலில் இதைக் காலை எட்டு மணிக்கு முன்னால் முடிப்பது நல்லது. கொள்ளிடக் கரையில் மணல் கிடைக்கிறதே என்று ஆழ்மணலில் ஓட்டக் கூடாது; தசைநாண் கெடும். ஈரம் பட்டு இறுகிய மணல் உகந்தது. பிறகு சத்தங்கள். மேளம், பேருந்து ஒலிப்பான், படபடக்கும் சாமியானா, காற்றில் உருளும் பிளாஸ்டிக் பை. ஒவ்வொன்றையும் தூரத்தில் வைத்து, குட்டி தலையைத் தாழ்த்தி மூச்சு விட்ட பிறகு ஓரடி நெருங்க வேண்டும். திருவிழா நாளில் கொண்டுபோய் நிறுத்தினால் தானே பழகிக்கொள்ளும் என்கிறவர், நீச்சல் தெரியாத பிள்ளையை ஆடிப்பெருக்கில் இறக்குகிறவர்.

இவ்வளவு சொன்னால் ஓர் எதிர்வாதம் நிச்சயம் வரும். நாட்டியக் குதிரை நம் மரபு. திருமங்கை ஆழ்வாரின் குதிரைக்கே ஆடல்மா என்றுதானே பெயர். கல்யாண ஊர்வலத்திலும் சந்தையிலும் குதிரை ஆடினால்தான் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால்தான் குதிரைக்காரர் வீட்டில் அடுப்பு எரியும். ஆங்கிலேயன் வயலில் குதிரை சும்மா நிற்பதைக் காட்டி எங்களுக்குப் பாடம் நடத்தாதீர்கள் என்பார்கள்.

இதில் பிழைப்பைப் பற்றிய பகுதியை நான் மதிக்கிறேன். ஜட்கா வண்டிகள் மறைந்த பிறகு குதிரை வளர்ப்பவருக்கு ஊர்வலமும் திருவிழாவும்தான் மிஞ்சின. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, நியாயமில்லை. ஆனால் மரபு என்ற பகுதியை ஒப்ப முடியாது. ஆடல் என்ற சொல்லுக்குக் கூத்து என்பது மட்டும் பொருளில்லை. போர் என்றும் வெற்றி என்றும் பொருள் உண்டு. குறுநில மன்னனும் படைத்தலைவனுமாக இருந்தவரின் குதிரைக்கு இந்தப் பொருள்களே பொருந்துவதாக நான் நினைக்கிறேன். போர்க்குதிரை என்பது ஆரவாரத்தின் நடுவே நிற்கத் தெரிந்த குதிரை. முரசு கேட்டதும் எழும்பிக் குதிக்கும் குதிரையை நம்பி எவனும் களம் புகுந்திருக்க மாட்டான்.

மேலும், மேளத்துக்கு ஆடுகிறது என்று நாம் மகிழும் குதிரைகளில் எத்தனை வாயில் வலி தாங்காமல் கால் மாற்றுகின்றன என்று கேட்க வேண்டும். முள் வைத்த கடிவாளத்தை நம் நாட்டில் 1965ஆம் ஆண்டு விதிகளே தடை செய்துவிட்டன. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதன்கீழ் வண்டி, பொதி விலங்குகளுக்காக வகுக்கப்பட்டவை அந்த விதிகள். அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும் முள் கடிவாளம் ஒழிந்தபாடில்லை. சட்டம் போதாமல் அல்ல, பார்க்கிற கண் மாறாததால். கூட்டம் கைதட்டுகிற வரை முள் இருக்கும். குதிரையின் கண்வெள்ளை தெரிகிறதா, வால் இடைவிடாமல் சுழல்கிறதா, வாயோரம் புண் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த பத்துப் பேர் ஒரு கூட்டத்தில் இருந்தால் அங்கே கைதட்டல் தயங்கும்.

ஆகவே ரசனையைப் பற்றிய கேள்வி இது; இலக்கிய வாசகர்கள் கூடும் இந்தப் பக்கத்தில் இதை எழுத அதுவே காரணம். சிற்பத்தில் எழும்பி நிற்கும் குதிரையை ரசிக்கலாம். கல்லுக்கு வலிக்காது, முட்டி தேயாது. கலையில் உறைந்த ஒரு கணத்தை உயிரின் அன்றாட இயல்பாக எடுத்துக்கொள்வதுதான் பிழை. உரத்துப் பேசும் வரியைக் கவிதை என்று நம்புவதற்கும் எழும்பிக் குதிக்கும் குதிரையை உயர்ந்தது என்று நம்புவதற்கும் அதிகத் தூரம் இல்லை. அடக்கம் என்பது ஆற்றல் இல்லாமை அல்ல என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிற நாம், சந்தையில் அதை மறந்துவிடுகிறோம்.

நடைமுறையாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தியூரிலோ, குதிரைகள் கூடும் வேறு எந்தத் திருவிழாவிலோ, மூன்று வயதுக்கு உட்பட்ட குட்டிகளுக்கு என்று ஒரு கைப்பிடிக் காட்சியை நடத்தலாம். கடிவாளம் கிடையாது, முகக்கயிறு மட்டும். மேளம் கிடையாது. ஒரு கால்நடை மருத்துவர், அனுபவப்பட்ட ஒரு குதிரைக்காரர், ஒரு லாடம் கட்டுபவர் என்று மூவர் நடுவர்களாக இருக்கட்டும். கயிறு தளர்ந்திருந்ததா, குட்டி நேராக நடந்ததா, குளம்பைக் கொடுத்ததா, ஒரு நிமிடம் நின்றதா என்பவற்றுக்கு மதிப்பெண். பரிசுத்தொகை நாட்டியக் குதிரைக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக இருக்க வேண்டும். பரிசு எங்கே போகிறதோ பழக்கமும் அங்கே போகும். சாதுவான குட்டிக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று தெரிந்தால் முள்ளை முதலில் எறிகிறவர் குதிரைக்காரராகவே இருப்பார். அவருக்கும் அந்த வாயோடு நாள் முழுக்கப் போராடுவதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

அந்தப் போட்டிக்குப் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. வையாளி என்றே வைக்கலாம்.